புதுப்பிப்பு: மதுரை ஜோடி நிகழ்ச்சியில் எச்.ஐ.வி. பற்றிப் பேசியது

நாங்கள் எடுக்கும் ஜோடி சேர்க்கும் டிவி நிகழ்ச்சியில், பங்கேற்பாளரின் எச்.ஐ.வி. நிலையைக் கேமரா முன் சொல்ல வைக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

‘ஒளிபரப்புக்கு முதல் நாள்வரை விலகும் உரிமை கொடுங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. நீதிமன்ற உத்தரவு தவிர, சம்மதமின்றி நிலையைச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த 2017 எச்.ஐ.வி. சட்டம் தடை விதிக்கிறது. நான் கேட்ட கேள்வியே தவறு. இதைப் பற்றிப் பேசிய மூன்று பங்கேற்பாளர்களில் ஒருவர் விலகினார், காட்சிகளை அழித்தோம்.

எதிர்பாராதது: முகத்தை மறைத்தும், பின்னால் தெரிந்த கோரிப்பாளையம் தெருவை வைத்து, எச்.ஐ.வி. உள்ள பெண் யார் என்று எங்கள் எடிட்டரே கண்டுபிடித்துவிட்டார்! மறுபடி எடுத்தோம்.

அவருக்கு ஜோடியாக வந்த பையன் கேட்டது ஒன்றுதான்: “எனக்குத் தொற்றுமா?” தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகத் தொற்றாது என்றார் மருத்துவர். அதை வெட்டாமல் வைத்தோம். இருவரும் ஜிகர்தண்டா குடிக்கப் போனார்கள், கேமரா இல்லாமல்.