நாஸ் வேகம்: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி:
நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) ஒரு பெரிய வீடியோவை அனுப்பினால் நொடிக்கு 110 எம்பி (மெகாபைட்) காட்டுகிறது, ஆனால் போட்டோ ஃபோல்டரை அனுப்பினால் 15-க்குக் கீழே போய்விடுகிறது. ரவுட்டர் கிகாபிட்தான். டிஸ்க்கில் கோளாறா, இல்லை நான் அளக்கும் முறையே தப்பா?

பதில் 1:
கோளாறெல்லாம் இல்லை. கிகாபிட் என்பது நொடிக்கு 1000 மெகாபிட், 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் 125 எம்பி, அதில் நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக 110 சொச்சம்தான் கைக்கு வரும், ஆக உங்கள் வீடியோ உச்சத்தைத் தொட்டுவிட்டது. போட்டோ என்றால் ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனிப் பேச்சுவார்த்தை, நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். ஃபோல்டரை ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பதில் 2:
முதலில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலை ஓட்டுங்கள், அது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். அப்புறம், ஒரே கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது வரும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பெரும்பாலும் ரேமிலிருந்து வருவது. நாஸின் ரேமைவிடப் பெரிய கோப்பாக எடுங்கள்.

பதில் 3:
எந்தக் கோப்பு அனுப்பினாலும் 11 எம்பியிலேயே நின்றால் கேபிளைப் பாருங்கள், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். வைஃபையில் அளந்ததை இதோடு ஒப்பிடவே வேண்டாம்.