ஆட்சேர்ப்பா, புதுவரவா? கடற்புல்வெளித் துறவி நண்டுகளை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் உயிரியல் கலைச்சொல் வரைவில் உள்ள ரெக்ரூட்மென்ட் (ஓர் உயிரினக் கூட்டத்தில் இளம் உயிர்கள் புதிதாக வந்து சேர்ந்து எண்ணிக்கையில் இடம்பெறுவது) என்ற சொல்லுக்கு ‘ஆட்சேர்ப்பு’ போதும் என்று இங்கே சிலர் எழுதியிருந்தார்கள். அலுவலகத்துக்கு அது சரி. இனத்தொகை உயிரியலுக்கு அது ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. ஆட்சேர்ப்பு என்றால் சேர்ப்பவர் ஒருவர் வேண்டும். கடற்புல்வெளியில் இளநண்டுகளை யாரும் சேர்ப்பதில்லை, அவை தாமாக வந்து, பிழைத்து, பெருகுகின்றன.

செத்த நத்தைகளின் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டையே எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல்லுக்குள் எத்தனை நிகழ்வுகள் கலந்துகிடக்கின்றன என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. தாய் நண்டு முட்டைகளை வயிற்றின் இடப்பக்கத்து நீச்சல்கால்களில் ஒட்டவைத்துச் சுமக்கிறது. பொரித்து வரும் ஸோயியா எனப்படும் முதற்பருவ லார்வாக்கள் (இளம் உயிர்கள்) நீரோட்டத்தில் மிதந்து திரிகின்றன. பல இனங்களில் நான்கு ஸோயியா நிலைகள், அப்புறம் மெகலோபா என்ற கடைசி லார்வா நிலை. இந்த மெகலோபாதான் மிதப்பதை விட்டுவிட்டு அடிப்பரப்புக்கு வருகிறது. பிறகு அந்த நிலையிலோ அடுத்த இளநண்டு நிலையிலோ தன் அளவுக்கு ஒரு குட்டிச் சங்கைத் தேடி உள்ளே நுழைகிறது. அதன் பின்னும் பல நண்டுகள் மடிகின்றன. மிஞ்சியவை ஆய்வாளரின் வலையில் சிக்கும் அளவுக்கு வளர்ந்தபிறகுதான் எண்ணிக்கைக்குள் வருகின்றன.

ஆக, மூன்று கட்டங்கள்: அடிப்பரப்புக்கு வருவது, சங்குக்குள் நுழைவது, எண்ணிக்கைக்குள் வருவது. மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தால், ஒரு மாதத்தில் இளநண்டுகள் ஏன் குறைந்தன என்ற கேள்விக்கு விடையே எழுத முடியாது. லார்வா வரவில்லையா? வந்தும் சங்கு கிடைக்கவில்லையா? சங்கு கிடைத்தும் மீனுக்கு இரையாகிவிட்டதா?

என் பரிந்துரை இதுதான். செட்டில்மென்ட், அதாவது லார்வா மிதப்பதை விட்டு அடிப்பரப்புக்கு வருவது, என்பதற்கு ‘இடஞ்சேர்தல்’. ‘தரைசேர்தல்’ என்று ஒருவர் சொன்னது நல்ல சொல்தான், ஆனால் கடற்புல்வெளியில் உயிர்கள் தரையில்தான் இறங்கும் என்பதில்லை. இலைப்பரப்பும், பின்னிக்கிடக்கும் மட்டத்தண்டும்கூட (கிடைமட்டமாகப் படரும் தண்டு) அவற்றுக்கு இடங்களே. சங்குக்குள் முதன்முதலில் நுழைவதற்கு ‘முதற்குடிபுகல்’. நண்டு வளர வளரச் சங்கை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் ‘முதல்’ என்ற அடை கட்டாயம் வேண்டும். ரெக்ரூட்மென்ட்டுக்குப் ‘புதுவரவு’.

‘வரவு’ கணக்குப் புத்தகத்துச் சொல்லாயிற்றே என்ற தயக்கத்தை நான் மறுதலையாகப் பார்க்கிறேன். இனத்தொகைக் கணிப்பு அடிப்படையில் வரவு செலவுக் கணக்குதான். புதுவரவும் பக்கத்து வெளியிலிருந்து வரும் உள்வருகையும் ஒரு பக்கம், இறப்பும் வெளியேற்றமும் மறுபக்கம். தனி உயிரைக் குறிக்கும்போது ‘புதுவரவு நண்டு’ என்று இயல்பாக வரும். ‘ஆட்சேர்க்கப்பட்ட நண்டு’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. புதுவரவு என்பது பாதி இயற்கை, பாதி நம் சல்லடை. கண்ணி சிறிதாக இருந்தால் புதுவரவு முன்னதாகவே தெரியும், பெரிதாக இருந்தால் தாமதமாகத் தெரியும். அதனால் வரையறையில் ‘எந்த அளவிலிருந்து எண்ணினோம்’ என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். துறவி நண்டுகளில் இது இன்னும் சிக்கல், ஏனெனில் இறுக்கமான சங்கில் மாட்டிக்கொண்ட நண்டு மெதுவாகத்தான் வளரும். சிறிய நண்டெல்லாம் இளநண்டு அல்ல. அளவுப் பரவல் வரைபடத்தில் சிறியவற்றின் பக்கம் ஒரு மேடு தெரிந்தவுடன் புதுவரவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்து, ‘ஓடு’. வரைவில் ‘ஓட்டு நீளம்’ என்று ஓர் இடத்தில் வருகிறது. எந்த ஓடு? நண்டின் முதுகில் இருப்பதா, அது குடியிருக்கும் நத்தையின் ஓடா? துறவி நண்டு ஆய்வுகளில் இரண்டையும் அளப்பார்கள், இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதே பாதி வேலை. எனவே நண்டின் உடலுக்கு உரியதை மட்டும் ஓடு என்போம். குடியிருப்பதைச் ‘சங்கு’ என்போம். சங்கு என்றால் ஊதுகிற பெரிய சங்குதானே நினைவுக்கு வரும் என்று கேட்பவர்களுக்கு: சுருள் வடிவில் உள்ள எதையும் நாம் சங்கு என்றுதான் சொல்கிறோம், இருமடலாக இருந்தால் சிப்பி. அந்த வழக்கு அறிவியலுக்கும் பொருந்துகிறது. நண்டின் வயிறு மென்மையாக இருப்பதால் முழு உடலின் நீளத்தை நம்பகமாக அளக்க முடியாது. தலைமார்பின் முன்பகுதியில் கடினமாக உள்ள தகட்டைத்தான் அளக்கிறார்கள். அதற்குக் ‘கேடய நீளம்’ என்று ஏற்கெனவே ஒருவர் சொன்னதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

கடற்புல்வெளிக்கும் இந்தச் சொற்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தார்கள். நெருங்கிய தொடர்பு. கடற்புல் பாசி அல்ல, பூக்கும் தாவரம். அதன் இலைகளில் படியும் நுண்பாசிகளை மேய்ந்து சிறு நத்தைகள் ஏராளமாக வாழ்கின்றன. அவை செத்தபின் விட்டுச்செல்லும் சங்குகளே இளநண்டுகளுக்கு வீடு. மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற கடற்புல் வளரும் வெளிகளில் செஸ்டோபகூரஸ் டிமிடஸ் போன்ற மிகச் சிறிய துறவி நண்டுகள் வாழ்கின்றன. நத்தைகள் குறைந்தால், லார்வாக்கள் எத்தனை இடஞ்சேர்ந்தாலும் முதற்குடிபுகல் குறையும், புதுவரவும் குறையும். மூன்று சொற்கள் இருந்தால்தான் இந்த வாக்கியத்தையே எழுத முடிகிறது.

வேக்கன்சி செயின் என்பதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. 1988இல் ஐவன் சேஸும் உடன் ஆய்வாளர்களும் துறவி நண்டுகளுக்குப் பொருத்திக் காட்டிய கருத்து அது. ஒரு நண்டு பெரிய சங்குக்கு மாறினால் அது விட்ட சங்கு அடுத்த நண்டுக்கு, அது விட்டது அதற்கடுத்ததற்கு எனத் தொடரும். ‘காலியிடச் சங்கிலி’ என்பது வரைவில் உள்ளது. ‘வெற்றிடத் தொடர்’ வேண்டாம், இயற்பியல் வெற்றிடத்தோடு குழம்பும். ‘காலிமனைத் தொடர்’ எப்படி? நண்டுக்கு மட்டுமல்ல, இந்தக் கருத்து முதலில் பிறந்த சமூகவியலுக்கும் பொருந்த வேண்டும், அங்கே காலியாவது வீடாகவும் இருக்கலாம், பதவியாகவும் இருக்கலாம். அந்த ஒரு காரணத்தால் நான் ‘காலியிடத் தொடர்’ பக்கம் சாய்கிறேன். சமூகவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.