ஒட்டிய கவரும் தண்டத் தபாலும்: தபால் சொற்கள் புரிந்த கதைகள்

மஞ்சக்குப்பத்திலிருந்து:

2019-இல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நேரில் போய் வைக்க முடியாத 180 பேருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவது என்று முடிவானது. அச்சகத்தில், "புக் போஸ்ட்டுன்னு எழுதிடுங்க, 4 ரூபாய் ஸ்டாம்ப் போதும்" என்றார்கள். அப்படியே எழுதினோம். நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, கவர் பிரிந்துவிடக் கூடாது என்று நல்ல பசையாகப் போட்டு ஒட்டி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வேலையை முடித்தோம். மூட்டையைத் தெருமுனைத் தபால் பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் பண்ருட்டியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏம்பா, தம்பி கல்யாணப் பத்திரிகையை நான் தண்டம் கட்டி வாங்கணுமா?" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்தடுத்து ஏழெட்டுப் பேர் அதையே சொன்னார்கள்.

தபால் அலுவலகத்துக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். புக் போஸ்ட் என்பது கவர்மேல் எழுதும் பெயர் மட்டும் இல்லை. உள்ளே அச்சடித்த தாள்தான் இருக்கிறது என்று தபால்காரர்கள் திறந்து பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். அதனால்தான் கட்டணம் குறைவு. பசை போட்டு ஒட்டிவிட்டால் அது கடிதம். கடிதத்துக்கு அப்போது 20 கிராமுக்கு 5 ரூபாய். எங்கள் பத்திரிகை 34 கிராம், ஆக 10 ரூபாய். நான் ஒட்டியது 4. குறைந்தது 6 ரூபாய், அதைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பது விதி. பெரியப்பா கட்டிய 12 ரூபாய்க்குக் கணக்கு சரியாக வந்தது.

மீதிப் பேருக்கும் நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கவரின் மடிப்பை உள்ளே செருகிவிட்டிருந்தால் போதும், பசையே தேவையில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்காமல் போனேனே என்று இன்றும் மனசு ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டிங், அதாவது தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மொத்தமாகத் தபால் அனுப்புகிறவர்கள் இரண்டு மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் எங்களுக்கும் உதவி, அவர்களுக்கும் லாபம்.

முதலாவது, ஃபேசிங். எல்லாக் கவரையும் முகவரி ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி, ஸ்டாம்ப் ஒரே மூலையில் வருகிற மாதிரி அடுக்குவது. சின்ன வேலைதான், ஆனால் ஆயிரம் கவரைக் கையால் திருப்புகிறவனுக்கு அதன் அருமை தெரியும். அடுத்தது பின்கோடு வாரியாகக் கட்டுவது. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த ஆறு இலக்கம் இது. முதல் எண் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் சார்ட்டிங் மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அலுவலகம். எங்கள் கடலூரிலேயே பாருங்கள்: மஞ்சக்குப்பம் 607001, நம்ம திருப்பாப்புலியூர் 607002, முதுநகர் 607003. "கடலூர்" என்று மட்டும் எழுதிவிட்டால் இந்த மூன்றில் எதற்கு அனுப்புவது?

தப்பான ஊருக்குப் போய்த் திரும்பும் கவரில் "மிஸ்சென்ட்" என்று முத்திரை விழும். அதைப் பார்த்தால் தபால்காரரைத் திட்டுவதற்கு முன் நீங்கள் எழுதிய பின்கோடையும் ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறில் ஓர் எண் மாறினாலே கவர் வேறு ஊர்த் தபால் பைக்குள் போய்விடும்.

பாகூரிலிருந்து:

ஐயா சொன்ன பின்கோடு விஷயத்தில் நாங்கள் தினமும் படுகிறோம். பாகூர் புதுச்சேரி யூனியன் பிரதேசம், ஆனால் பின்கோடு 607402, கடலூர் வரிசை. ஆன்லைன் படிவத்தில் எண்ணைப் போட்டதும் மாநிலம் தானாகத் தமிழ்நாடு என்று விழுகிறது. புதுச்சேரியின் மற்றப் பகுதிகளில் காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. ஏனாமுக்கு முதல் எண்ணே 5. தபால் போகும் வழிதான் பின்கோடு, ஆட்சி எல்லை அல்ல என்று எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

நான் வேலை பார்ப்பது அமெரிக்க நிறுவனங்களுக்கு முகவரிப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில். சேர்ந்த முதல் வாரம் "ஃபிளாட்ஸை மட்டும் தனியாகப் பிரி" என்று வேலை வந்தது. அடுக்குமாடி வீட்டு முகவரிகளை எல்லாம் தேடித் தேடிப் பிரித்து, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் தெரிந்தது, அந்த ஊர்த் தபால் பேச்சில் ஃபிளாட் என்றால் மடிக்காமல் போகும் பெரிய கவர், வார, மாத இதழ் மாதிரியானவை. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் சீட், அதாவது விதை. பட்டியலுக்குள் நடுநடுவே வைக்கும் சொந்த முகவரிகள் அவை. தபால் எப்போது வந்து சேர்ந்தது, பட்டியலை வேறு யாராவது திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களா என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இது தெரியாமல் நான் அவற்றை இரட்டைப் பதிவு என்று நினைத்து அழித்துவிட்டேன். டீம் லீடர் அக்கா பழைய கோப்பிலிருந்து மீட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து சொற்களுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிரீசார்ட் என்பதற்கு நேரே நான் எழுதியிருப்பது, "நாமே பிரித்துக் கொடுத்தால் கட்டணம் குறையும்". திருப்பாப்புலியூர் ஐயா சொன்ன அதே வேலைதான்.

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதிப் பக்கத்திலிருந்து:

சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். பழைய பழக்கத்தில் புக் போஸ்ட், ரிஜிஸ்தர் போஸ்ட் என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 மே 1 முதல் கல்வி சார்ந்த புத்தகங்களுக்கு ஞான் போஸ்ட் என்று தனிச் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. விளம்பரம் வரும் இதழ்களை இதில் ஏற்க மாட்டார்கள். புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ இருக்க வேண்டும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டுமென்றால் ஸ்பீடு போஸ்ட் கேட்டு, "ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்துப் போடுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

பி.என்.பி.எல். (புக் நவ் பே லேட்டர்) என்று தபால் அலுவலகத்தில் யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். கடனில் பொருள் வாங்கும் திட்டம் இல்லை அது. மாதம் முழுக்க அனுப்பிவிட்டுக் கட்டணத்தை மொத்தமாகப் பிறகு கட்டும் ஒப்பந்தம். நான் அதைக் கடன் என்று நினைத்து இரண்டு வருஷம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பார்சலுக்கும் பையனைப் பணத்தோடு வரிசையில் நிற்க வைத்தேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த மாசம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை 22 கிராம் வருகிறது. இந்தத் தடவை கடிதமாகவே அனுப்புவதால், ஒரு தாளைக் குறைத்து 20-க்குள் கொண்டுவரச் சொல்லி அச்சகத்தில் இன்று சொல்லிவிட்டு வந்தேன். பெரியப்பாவுக்கு மட்டும் நேரிலேயே போய் வைக்கப் போகிறேன்.