முதல் பிஸ்டல்: மலிவான ராணுவ உபரி வாங்கலாமா?

டல்லாஸ்_புதுசு:
வணக்கம். டல்லாஸ் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்டில் இரண்டு வீடுகளின் கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். அதிலிருந்து மனைவிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. வீட்டில் ஒரு பிஸ்டல் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். 300 டாலருக்கு மேல் முடியாது. பக்கத்துக் கடையில் பழைய செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்தின் சி.இசட். 82 ஒன்று அந்த விலைக்குள் இருக்கிறது. தோல் உறையும் இன்னொரு மேகசினும் (தோட்டா அடுக்கும் கூடு) சேர்த்துத் தருகிறார்கள். 50 டாலர் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். ராணுவமே வைத்திருந்தது என்றால் நம்பலாம் அல்லவா?

பழைய_இரும்பு:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. பழம்பொருள் சேகரிப்போர் உரிமம் எடுத்து (3 வருடத்துக்கு 30 டாலர்தான்) பல வருடமாக இந்த மாதிரி பிஸ்டல்களைச் சேர்க்கிறேன். உபரியில் சொந்த உபயோகத்துக்கு ஒன்று சொல் என்றால் முதலில் 82-ஐத்தான் சொல்வேன். முழுக்க எஃகு. 12 தோட்டா பிடிக்கும், அதே குண்டு போடும் ரஷ்ய மக்காரோவில் 8தான். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியும் மேகசின் விடுவிக்கும் பொத்தானும் இரண்டு பக்கமும் இருப்பதால் இடது கைக்காரருக்கும் சிரமமில்லை. பேரலின் (குழலின்) உட்புறம் குரோம் பூசியது. குண்டைச் சுழல வைக்கும் வழக்கமான வெட்டுக் காடிகளுக்குப் பதில் வளைந்த பலகோண வடிவம் என்பதால் துடைப்பதும் சுலபம். பெரும்பாலானவை உறையிலேயே கிடந்து ஓய்வு பெற்றவை. வெளியே பெயின்ட் உரிந்திருக்கும், உள்ளே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

ஆஸ்டின்_அக்கா:
அண்ணன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொல்வதெல்லாம் ஏற்கெனவே நாலைந்து வைத்திருப்பவருக்குப் பொருந்தும். முதல் பிஸ்டல் வாங்குகிறவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தம்பி, விலைச் சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். 82 எடுப்பது 9×18 மக்காரோவ் தோட்டா. எல்லாக் கடையிலும் குவிந்திருக்கும் 9×19 வேறு. பெயரில் இரண்டும் 9 என்றாலும் மக்காரோவ் குண்டின் விட்டம் 9.27 மி.மீ., மற்றது 9.01. ஒன்றை மற்றதில் போடவே கூடாது. முன்பு ரஷ்யாவிலிருந்து எஃகு உறை போட்ட மலிவான 9×18 நிறைய வந்தது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசு நிறுத்தியதும் அந்த வழி அடைபட்டது. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் 9×19-ஐ விட அதிகம் கொடுக்க வேண்டும். பழகுவதற்குக் குறைந்தது 500 தோட்டாவாவது சுட வேண்டாமா? பிஸ்டலில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

அப்புறம் உதிரி பாகம். ராணுவத்தில் எத்தனை முறை சுட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுட்டதும் பின்னுக்குப் போகும் மேற்பாகத்தைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றாமல் நம்பக்கூடாது. 300 டாலருக்குப் புதுசாகவே 9×19 பிஸ்டல்கள் வருகின்றன, உத்தரவாதத்தோடு.

பழைய_இரும்பு:
ஸ்பிரிங் 82-க்குக் கிடைக்கிறது அக்கா, இருபது முப்பது டாலருக்குள் முடிந்துவிடும். 300 டாலர் பிளாஸ்டிக்கை வாங்கி, ஒரு வருடத்தில் சலித்து, பாதி விலைக்கு விற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல உபரி அப்படி விலை இறங்காது. நான் 180 டாலருக்கு வாங்கிய மக்காரோவ் இன்று என்ன விலை என்று பாருங்கள்.

இன்னொன்று. எஃகு கனமாக இருப்பதால் கையை அவ்வளவாக உதைக்காது. புதிதாகச் சுடுகிறவருக்கு இது பெரிய விஷயம். என் மனைவி சுடப் பழகியதே 82-ல்தான். சின்ன பிளாஸ்டிக் பிஸ்டலைக் கொடுத்திருந்தால் பத்து ரவுண்டிலேயே வேண்டாம் என்று வைத்திருப்பார்.

ஹூஸ்டன்_ரேஞ்ச்:
உபரி என்று மொத்தமாகப் பேசினால் குழப்பம்தான். 82 வேறு, மற்றவை வேறு. வார இறுதியில் ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ரஷ்ய டோக்கரேவ் டி.டி. 33 வகையில் அசலாகவே சேஃப்டி கிடையாது. ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியலை) பாதியில் நிறுத்தி வைப்பதுதான் ஏற்பாடு. அமெரிக்காவுக்குள் வருவதற்காக இறக்குமதியாளர்கள் ஒரு சேஃப்டி நெம்புகோலைச் சேர்க்கிறார்கள். அதன் 7.62×25 பழைய ராணுவத் தோட்டா இன்னும் சிலரிடம் இருக்கிறது. தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பேரலில் உப்பாகப் படியும், அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. அன்றைக்கே சுடுதண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, பிறகுதான் எண்ணெய். இது தெரியாமல் ஒரு வாரம் விட்டு, துருப்பிடித்த பேரலைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

ஸ்பெயினின் ஸ்டார் பி.எம். 9×19 போடும், அதுவரை வசதி. ஆனால் தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை இழுத்துப் பழகினால் ஃபைரிங் பின் (தோட்டாவின் அடியில் இடிக்கும் ஊசி) உடையும் என்று அந்த வகைக்கே பெயர் உண்டு. தயாரித்த கம்பெனியும் 1997-ல் மூடிவிட்டது. போலந்தின் பி-64-ல் முதல் குண்டுக்கு ட்ரிக்கரை இழுக்கவே கை நடுங்கும், அவ்வளவு கனம்.

மக்காரோவிலும் 82-இலும் ஃபைரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு இல்லை. இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களில் ட்ரிக்கரை இழுத்தால் ஒழிய பின் நகராது. இந்தப் பழையவை தோட்டாவோடு மூக்கு கீழாக விழுந்தால், பின் தானாக நகர்ந்து வெடித்துவிடுமோ என்று எனக்கு அடிவயிறு கலங்கும். வீட்டில் குழந்தை இருந்தால் யோசியுங்கள்.

டல்லாஸ்_புதுசு:
மூன்று வயது மகள் இருக்கிறாள். பிஸ்டலை அலமாரியின் மேல் தட்டில் வைக்கலாம் என்று இருந்தேன்.

ஆஸ்டின்_அக்கா:
அலமாரி வேண்டாம் தம்பி. மூன்று வயதுக் குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும். பூட்டுப் பெட்டி கட்டாயம். அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? பிஸ்டல், ஸ்பிரிங், பெட்டி, பயிற்சி, தோட்டா எல்லாம் சேர்த்துப் பாருங்கள், 300 எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத நாட்களில் அது வீட்டிலேயே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். உங்கள் அப்பார்ட்மென்ட் சுவரும் வெறும் ஜிப்சம் பலகை. குறி தவறிய குண்டு அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குப் போகும். புதுசோ உபரியோ, எல்லா பிஸ்டலுக்கும் இது பொருந்தும்.

ஒரு கேள்வி. என்ன விசாவில் இருக்கிறீர்கள்?

டல்லாஸ்_புதுசு:
எச்-1பி அக்கா. கிரீன் கார்டு வர இன்னும் எத்தனை வருடமோ.

ஆஸ்டின்_அக்கா:
அப்படியானால் இதுவரை நாம் பேசியதை எல்லாம் ஓரமாக வையுங்கள். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். வைத்திருந்த குற்றத்துக்கு உச்ச தண்டனையை 2022-ல் 15 வருடமாக உயர்த்திவிட்டார்கள். அதோடு துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் வழி இருக்கிறது.

பழைய_இரும்பு:
சட்டம் அவ்வளவோடு நிற்கவில்லை அக்கா. விதிவிலக்கு இருக்கிறதே. அமெரிக்காவில் சட்டப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் எச்-1பிகாரரும் வாங்கலாம். டெக்சாஸில் அப்படி வாங்கியவர்கள் எனக்கே தெரியும். பயப்படுத்தி அனுப்பாதீர்கள்.

ஆஸ்டின்_அக்கா:
இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த உரிமம் உயிரோடு இருக்கும் வரைதான் அது செல்லும். டெக்சாஸ் வேட்டை உரிமம் வருடா வருடம் ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்க மறந்து தூங்கி எழுந்தால், பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டலே குற்றம். வேட்டைக்கே போகாத ஒருவர், திருட்டுப் பயத்துக்காக, மொத்தக் குடும்பத்தின் விசாவையும் ஒரு தேதியில் தொங்கவிடுவதா? 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். வக்கீலிடம் கேட்காமல் இந்த வழியில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய_இரும்பு:
தேதி விஷயம் நியாயம்தான். நான் முதலிலேயே விசாவைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் வாங்கச் சொன்னது என் தப்பு. 82 நல்ல பிஸ்டல் என்பதில் மட்டும் மாறமாட்டேன். கிரீன் கார்டு வந்த பிறகு கேளுங்கள் தம்பி, நானே கூட வந்து பேரலைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஹூஸ்டன்_ரேஞ்ச்:
அதுவரை கதவைக் கவனியுங்கள். நம் அப்பார்ட்மென்ட் கதவுகளில் பூட்டு நாக்கு போய் உட்காரும் தகட்டை முக்கால் அங்குல ஸ்குரூவில் மாட்டியிருப்பார்கள். ஒரே உதையில் நிலைச் சட்டம் பிளந்துவிடும். 3 அங்குல ஸ்குரூ போட்டால் சட்டத்துக்குப் பின்னால் உள்ள மரத்தைப் பிடிக்கும். நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டல்லாஸ்_புதுசு:
எல்லாருக்கும் நன்றி. இன்று மதியம் கடைக்குப் போய் விசா விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரரே தலையை ஆட்டி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்குரூ நிஜமாகவே முக்கால் அங்குலம்தான் இருந்தது. நிர்வாகத்துக்கு எழுதிவிட்டேன், நாளைக்கு ஆள் வருகிறார்.