டாட்சன் 240இசட் கார்: பின்பக்க சஸ்பென்ஷன் புஷ் மாற்ற இறங்கினேன், ஸ்பின்டில் பின் அசைய மறுக்கிறது

கேள்வி:
என்னுடையது 1972 மாடல். மிச்சிகனில் முன்பு வைத்திருந்தவர் பனிக்காலத்திலும் ஓட்டியிருக்கிறார். சாலையில் கொட்டும் உப்பு அடிப்பக்கத்தை அரித்திருக்கிறது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தானாக ஒதுங்குகிறது. கிளப்பும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு. ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் கன்ட்ரோல் ஆர்மைக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். சக்கரப் பக்கம் இருக்கும் வெளிப்பக்கப் புஷ்ஷில் (இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பர் வைத்த மூட்டு உறை) ரப்பர் கிழிந்து, உள்குழாய் தனியே ஆடுகிறது. ஆர்மையும் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பையும் கோக்கும் நீளத் தண்டுதான் ஸ்பின்டில் பின். அதன் இரண்டு முனை நட்டும் கழன்றுவிட்டன, அந்தப் பின் மட்டும் வரவில்லை. பெரிய சுத்தியலால் இரண்டு நாளாக அடிக்கிறேன். வேறு வழி உண்டா?

பதில் 1:
முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள் தம்பி. அடிக்க அடிக்க முனை காளான் போல விரியும். விரிந்த முனை வார்ப்பின் துளைக்குள் நுழையவே நுழையாது. நடுவில் குறுக்கே ஒரு லாக் பின் இருக்குமே, எடுத்துவிட்டீர்களா? ஸ்பின்டில் பின்னில் வெட்டியிருக்கும் பள்ளத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை எதுவும் நகராது.

கேட்டவர்:
லாக் பின் வந்துவிட்டது அண்ணா. முனை கொஞ்சம் விரிந்துதான் இருக்கிறது.

பதில் 1:
சரி, விரிந்ததை அரத்தால் தேய்த்து மரையைச் சீராக்குங்கள். துரு இளக்கும் எண்ணெயை லாக் பின் துளை வழியாகவும் விடுங்கள், துரு பிடித்திருப்பது அந்த நீளத் துளையின் நடுவில்தான். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். அப்புறம் அடிக்காமல் இழுக்க வேண்டும். பின்னின் மரையில் ஏறும் நீள நட், அதன் மறுமுனையில் கனமான போல்ட், ஸ்பின்டில் பின் உள்ளே வரும் அளவு அகலமான இரும்புக் குழாய், தடித்த வாஷர், இவ்வளவு போதும். குழாயை ஆர்மில் முட்டுக் கொடுத்து, போல்ட் மரையில் கிரீஸ் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆர்முக்கும் வார்ப்புக்கும் நடுவே இருபுறமும் பின்னை அறுத்து ஆர்மைக் கழற்றுங்கள். மீதியை மெஷின் ஷாப்பில் பிரஸ்ஸில் தள்ளிவிடுவார்கள். ஸ்பின்டில் பின் போனால் போகட்டும், புதிதாகக் கிடைக்கும். வார்ப்பு உடைந்தால்தான் பெரிய நஷ்டம்.

பதில் 2:
அந்த 'டொக்' புஷ் சத்தம் என்று நான் நம்பமாட்டேன். டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி) தாங்கும் முன் மவுன்ட்டில் ரப்பர் பிரிந்திருந்தால், கிளப்பும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே எழும்பி இடிக்கும். ஜாக்கியால் மூக்கை மெல்லத் தூக்கிப் பாருங்கள், ரப்பர் வாய் பிளந்தால் தெரிந்துவிடும். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் அரைத் தண்டுகளின் யுனிவர்சல் ஜாயின்ட்டையும் (வளைந்து சுழலும் மூட்டு) கையால் திருகிப் பாருங்கள்.

எந்தப் புஷ் போடப் போகிறீர்கள்? பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) என்றால் ஆர்முக்குள் இருக்கும் பழைய இரும்பு உறையும் வெளியே வர வேண்டும். ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு உறையை மட்டும் கீறுங்கள், ஆர்மில் பட்டுவிடக் கூடாது. ரப்பர் என்றால், வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கவிட்டு இறுக்கினால், இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
வலது ஸ்பின்டில் பின் நாலாம் நாள் இழுவையில் 'டங்' என்று விட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடது வரவில்லை, அறுத்துப் பிரஸ்ஸில் தள்ள வேண்டியதாயிற்று. ரப்பர் புஷ்ஷே போட்டேன். புது ஸ்பின்டில் பின்களில் ஆன்டி-சீஸ் (துருவால் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தாராளமாகப் பூசி, பள்ளம் லாக் பின் துளைக்கு நேரே வரும்படி ஏற்றி, வண்டியை இறக்கிய பிறகே இறுக்கினேன். பின்பக்கம் இப்போது ஒதுங்குவதில்லை. 'டொக்' அப்படியே இருக்கிறது. டிஃபரன்ஷியல் மூக்கைத் தூக்கினேன், மவுன்ட் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. புதியதற்குச் சொல்லியிருக்கிறேன்.