பழவேற்காட்டுக்கு ஒரே நாளில் சைக்கிளில் போய்த் திரும்ப முடியுமா?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து)

வணக்கம். எனக்கு வயது 42. ஓராண்டாக விடியற்காலையில் எண்ணூர் வரை சைக்கிள் ஓட்டி வருகிறேன். ஒரு நாளில் நான் ஓட்டிய அதிகபட்சத் தூரம் 40 கிலோமீட்டர். வரும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணலி, மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்று, அன்று மாலைக்குள் வீடு திரும்ப எண்ணியுள்ளேன். போக வர ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஆகும். பள்ளி நாட்களில் பேருந்து ஜன்னல் வழியே பார்த்த அந்த ஏரியை, சொந்தக் காலால் மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் சைக்கிள் ஏழு கியர் உள்ள சாதாரண ஹைபிரிட் வகை. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை எப்படிக் கடப்பது, ஆளில்லாத இடத்தில் பஞ்சரானால் என்ன செய்வது என்ற இரண்டுமே என் கவலைகள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (திருவொற்றியூரிலிருந்து)

நண்பரே, 40 கிலோமீட்டரிலிருந்து நேராக 110-க்குத் தாவ வேண்டாம். இடையில் இரண்டு ஞாயிறுகளில் 60, 80 என்று ஓட்டிப் பாருங்கள்; கால் பழகிவிடும், ஆனால் உட்காரும் இடமும் உள்ளங்கையும் பழகுவதற்குத்தான் நாளாகும்.

லாரி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. மணலியிலிருந்து வல்லூர் வரை துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் சாலையின் இடப்பக்கத்தில் வரிசைகட்டி நிற்கும். அவற்றைச் சுற்றிப் போக நாம் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் பின்னால் வருகிற ஓட்டுநருக்கு நாம் தெரிவதில்லை. நிற்கிற லாரிக்கும் சாலையோரத்துக்கும் இடையிலுள்ள சந்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். முதல் முறை என்பதால், சைக்கிளை ஒரு குட்டி யானையில் (சிறிய சரக்கு வண்டியில்) ஏற்றி மீஞ்சூரில் இறக்கிக்கொண்டு, அங்கிருந்து ஓட்டுவதே நல்லது. அப்படியும் போக வர 60 கிலோமீட்டர் கிடைக்கும். அதுதான் வயலும் ஏரியுமாக இருக்கும் நல்ல பகுதி.

பதில் 2 (மீஞ்சூரிலிருந்து)

அண்ணா சொன்னதை மதிக்கிறேன். ஆயினும் பின்விளக்கும் ஒளிரும் மேற்சட்டையும் இருந்து, ஞாயிறு காலை நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால், முழுத் தூரத்தையும் ஓட்டலாம் என்பது என் அனுபவம். இருட்டில் மட்டும் வேண்டாம்.

பஞ்சரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து முடியளவு மெல்லிய இரும்புக் கம்பிகள் அந்தச் சாலையெங்கும் கிடக்கின்றன. ஒரு முறை வல்லூர் அருகே டியூபை மாற்றிவிட்டுக் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் அதே சக்கரத்தில் மீண்டும் காற்று இறங்கியது. டயரைக் கழற்றி உட்புறத்தைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தபோது ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது; நகத்தால் நெருடினால்தான் தெரிகிற அளவுக்கு ஒரு கம்பித் துண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டதுதான் நான் செய்த தவறு. பொன்னேரியைத் தாண்டினால் கம்பிக்குப் பதில் சீமைக் கருவேல முள். ஆகவே இரண்டு டியூப், டயரைக் கழற்றும் லீவர், கைப்பம்ப், ஒட்டுப்போடும் பொருட்கள், முள் பிடுங்க ஒரு சிறு இடுக்கி ஆகியவற்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் சம்பா அறுவடை நடக்கும். சாலையில் நெல்லையும் வைக்கோலையும் காயப்போட்டிருப்பார்கள்; வைக்கோல் மீது ஓட்டினால் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டு செயின் இறுகிவிடும், நெல் மீது ஓட்டினால் அவர்கள் உழைப்பு வீணாகும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

பதில் 3 (ராயபுரத்திலிருந்து)

காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று வீசுவதால், போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை தலைகீழ். களைத்துத் திரும்புகிற பிற்பகலில் தெற்கிலிருந்து வரும் காற்று முகத்தில் அறையும். எனவே உங்கள் மாதத் தேர்வு சரியானது. போகும்போது வேகம் வரவில்லையே என்று முட்டி மோதாமல், இலகுவான கியரில் மிதியுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடியுங்கள். இரண்டு பாட்டில்களில் ஒன்றில் உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கலந்து வைத்துக்கொள்வது நல்லது.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையைத் தவறவிடாதீர்கள். 1613-இல் அங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்களுக்கு 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இருந்த ஊர் அது. கல்லறை வாயிலில் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். ஏரியில் அந்த மாதம் பூநாரைகளும் வந்திருக்கும். இறால் குழம்புச் சோற்றை மட்டும் அளவோடு சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தால் திரும்பும் முதல் பத்துக் கிலோமீட்டர் மிகவும் கடினமாகிவிடும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதல் முறை மீஞ்சூரிலிருந்தே தொடங்குவதென முடிவு செய்துள்ளேன்; முழுத் தூரத்தைப் பிப்ரவரியில் முயல்வேன். மீஞ்சூர்ச் சகோதரி சொன்னபடி நேற்றிரவு என் பழைய பின்டயரைக் கழற்றி உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். இரண்டு கம்பிகள் இருந்தன.