மாட்டராஸி மேனேஜரா, இல்லை வெறும் பெயரா?

வியாசர்பாடி விங்கர்:
நேற்று முல்லை நகர் மைதானத்தில் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு சண்டை. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் ஆடும் நம்ம ஊர் அணி ‘சென்னையின் எஃப்சி’க்கு வந்த கோச்சுகளில் யார் பெரியவர்? நான் இத்தாலிக்காரர் மாட்டராஸி என்றேன். பக்கத்தில் இருந்தவர், "அவர் எங்கே மேனேஜர், மண்டையில் முட்டு வாங்கிய ஆள்தானே" என்று சிரித்தார். 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடானிடம் முட்டு வாங்கியது நெஞ்சில் ஐயா. அதுகூடத் தெரியாதவரிடம் என்ன பேச? 2015இல் பாதி சீசன் தாண்டியும் நம்ம அணி கடைசி இடம். கடைசி நான்கு லீக் ஆட்டத்தையும் ஜெயித்து மூன்றாம் இடம், அப்புறம் கோப்பை. இதைச் செய்தவர் மேனேஜர் இல்லை என்றால் யார்?

பெரம்பூர் லெஃப்ட்ஃபுட்:
நம்ம ஃபார்வர்ட் மென்டோசா. 13 கோல், அந்த சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட். ஃபைனலில் கோவாவுக்கு எதிராக 90ஆவது நிமிடம் தாண்டி 3-2 ஆக்கியதும் அதே கால். அப்படி ஒருத்தன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் நம்ம தெரு வாட்ச்மேனைக்கூட கோச்சாக உட்கார வைக்கலாம். மாட்டராஸியை அழைத்து வந்தது டிக்கெட் விற்க. ஐஎஸ்எல் ஆரம்பத்தில் எல்லா ஊரிலும் நடந்ததுதானே இது, வயதான நட்சத்திரத்தைப் பிடித்து போஸ்டர் அடிப்பது.

அயனாவரம் ராணி:
தம்பி, வாட்ச்மேன் கூப்பிட்டால் நெஸ்டா மாதிரி பெரிய டிஃபெண்டர் ஆட வருவாரா? 2014இல் ஓய்வில் இருந்த மனிதர், பழைய இத்தாலிக் கூட்டாளி கூப்பிட்டார் என்றுதான் நம்ம ஊர் வெயிலுக்கு வந்தார். பெரிய ஆட்டக்காரர் மேனேஜரானால் கிடைக்கிற லாபம் அது. ஆனால் விங்கர், உங்கள் கட்சியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2014 செமி ஞாபகம் இருக்கிறதா? முதல் ஆட்டத்தில் கேரளாவிடம் கொச்சியில் 3-0 தோற்றுவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்கு நேரு ஸ்டேடியத்துக்கு வந்தோம். நான் அண்ணனோடு போயிருந்தேன், தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினோம். அந்த ஆட்டத்தில் ஒரு சிவப்பு அட்டை. யாருக்கு? மேனேஜருக்கே! அவரே டிஃபெண்டர், அவரே கோச். மற்றவனை "பொறுமையாக ஆடு" என்று அதட்ட வேண்டியவர் தலைகுனிந்து வெளியே நடக்கிறார். பையன்கள் மட்டும் விடவில்லை. கடைசி நிமிடத்தில் ஜெஜெ அடித்து இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்கு 3-3. அந்தச் சத்தம் சென்ட்ரல் வரை கேட்டிருக்கும். கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் ஒன்றைப் போட்டான், எல்லாம் முடிந்தது. லீக்கில் முதலிடம் வந்தும் வீட்டுக்குப் போனோம்.

வியாசர்பாடி விங்கர்:
அக்கா, அதுதான் அந்த மனிதர். 2006 உலகக் கோப்பை ஃபைனலைப் பாருங்கள். பெனால்டி கொடுத்துக் கெடுத்ததும் அவர், 19ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்ததும் அவர், ஜிடானைச் சீண்டி வெளியே அனுப்பியதும் அவர், கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் ஒன்றைப் போட்டதும் அவர். கெடுப்பதும் காப்பாற்றுவதும் ஒரே ஆள். கோச்சாகவும் அப்படித்தான் இருந்தார்.

ரிட்டயர்ட் ஐசிஎஃப்:
நாற்பது வருடமாக இந்த ஊரில் லீக் பார்க்கிறவன் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஆட்டக்காரரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். மேனேஜர் வேலை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் மாட்டராஸிக்கு அடுத்து வந்த கோச் ஜான் கிரெகரியின் 2018 ஃபைனலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பெங்களூரு அவர்கள் சொந்த மண்ணில், ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி கோல். நம்ம ஆட்கள் பதறவில்லை. நெல்சன் கார்னர், மைல்சன் தலை. மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன் தலை. ஒரே தாழ்ப்பாளை இரண்டு முறை ஒரே மாதிரி திறந்தார்கள். பயிற்சியில் எத்தனை நாள் செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அதிர்ஷ்டத்தில் வருவதா அது? கிரெகரி ஆடிய காலத்தில் இங்கிலாந்துக்கு ஆறே ஆட்டம். உலகக் கோப்பைப் பதக்கம் எல்லாம் கிடையாது.

பெரம்பூர் லெஃப்ட்ஃபுட்:
ஐயா, அடுத்த சீசன் அதே கிரெகரி கடைசி இடம், மொத்தமே 9 புள்ளி. அந்தக் கார்னர் எங்கே போச்சு?

ரிட்டயர்ட் ஐசிஎஃப்:
அதை மறுக்கவில்லை. அதற்கடுத்த சீசனும் சரியாக ஆரம்பிக்காமல்தான் ஓவன் காயில் வந்தார். வந்த சில மாதத்தில் ஃபைனல். செமியில் கோவாவிடம் வெளியூரில் நாலு வாங்கியும் இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 கணக்கில் தப்பித்துப் போனோம். ஃபைனல் கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில், கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 தோல்வி. காயில் அயர்லாந்துக்கு ஆடியது ஒரே ஆட்டம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பர்ன்லி அணியை 2009இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர் அவர்.

அயனாவரம் ராணி:
அதே பர்ன்லியைப் பாதி சீசனில் விட்டுவிட்டு போல்டனுக்குப் போனவரும் அவர்தான் ஐயா. நம்மிடமும் இரண்டாம் முறை வந்தபோது அந்தச் சூடு இல்லை. 2024-25இல் பதினோராம் இடம்.

வியாசர்பாடி விங்கர்:
கார்னர் கணக்கெல்லாம் சரி. 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். வடிந்த பிறகும் சுவரில் கோடு இருந்தது, அம்மா சுண்ணாம்பு அடித்து மறைத்தார். டிவி போச்சு. செமியை நம்ம ஊரில் நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். "வீட்டு ஆட்டம்" என்று பெயர், வீடு எங்கே? அங்கே போய் கொல்கத்தாவை 3-0 அடித்தார்கள். ஃபைனலை மளிகைக் கடை வாசலில் இருபது பேர் நின்று பார்த்தோம். தலைக்கு மேல் வெள்ளம் போன ஊரின் அணியைச் சிதறாமல் பிடித்து வைத்தது கோச் வேலை இல்லையா?

பெரம்பூர் லெஃப்ட்ஃபுட்:
சரி அண்ணே, அந்த ஒரு மாதத்தை உங்களுக்கே விட்டுக்கொடுத்தேன். 2016க்குப் பதில் சொல்லுங்கள். அதே மாட்டராஸி, எட்டு அணியில் ஏழாம் இடம். ஏன்?

வியாசர்பாடி விங்கர்:
மென்டோசா இல்லையே தம்பி, என்ன செய்ய முடியும்?

பெரம்பூர் லெஃப்ட்ஃபுட்:
ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன். டீ உங்கள் கணக்கு.